அம்மிணிக்கு ஒண்ணுமில்லீங்க

செருப்பை அங்கயே உடுங்கண்ணா, உள்ள வாங்க. கதவை மட்டும் கொஞ்சம் மெதுவாச் சாத்துங்க. ஆங், அப்படித்தான். ஜன்னல் ஸ்கிரீன் மூடியே இருக்கட்டுங்க. வெயிலு என்னமா ஏறிக் கெடக்குது பாருங்க, கோயமுத்தூரு முன்ன மாதிரியா இருக்குது? லைட்டு வேண்டாமுங்க, இந்த வெளிச்சம் போதும். நம்ம ரெண்டு பேரு பேசறதுக்கு என்ன கல்யாண மண்டபத்து சீரியல் செட்டா போடோணும்?

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, இழுத்தா கிறீச்சுங்குது. இங்க சோபால உக்காருங்க.

நீங்களே நேர்ல வந்ததுல எனக்கு ரொம்பச் சந்தோசமுங்கண்ணா. பையனோட தாய்மாமன் முதல்ல வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போறதுதான் முறை. புரோக்கரை நம்பி எந்தக் காரியமும் ஆகாது. அவன் ரெண்டு பக்கமும் தலையாட்டுவான். நீங்க பெரிய மனுசரு, நேரடியாக் கேட்டுப்போட்டீங்க. "பொண்ணுக்குத் தலையில என்னமோ கோளாறுன்னு சொல்றாங்களே, நெசமா?" அப்படீன்னு போன்லயே கேட்டீங்க பாருங்க, அந்த வெளிப்படை எனக்குப் புடிச்சுது.

யாரு சொன்னான்னு எனக்குத் தெரியும். தாராபுரத்துல இருக்கறா என்ற பெரியப்பன் மவ பழனாத்தா. போன மாசம் இங்க வந்து ஒரு நாள் தங்கினா. நம்ம அம்மிணி, அதான் என்ற பொண்ணு, ரூமை உட்டு வெளிய வரலியாம், வந்தப்பவும் செவுத்தைப் புடிச்சுட்டு நடந்தாளாம், கறுப்புக் கண்ணாடி போட்டுட்டுச் சோறு தின்னாளாம். அதைப் போயி ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. ஊரு வாயை மூட உலைமூடி ஏது? ஆனா உங்களுக்கு நான் சொல்லியாகோணும். என்ற கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்கண்ணா. நடந்தது நடந்தபடி சொல்றேன். நீங்களே ரோசனை பண்ணிக்குங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசறேன், சங்கடப்படாதீங்க. உள்ள தூங்கறா.

எம்பத்தஞ்சுல நான் ஹங்கேரிக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனேன். அப்பல்லாம் ரஷ்யாவுக்கும் அந்தப் பக்கத்து நாடுகளுக்கும் நம்ம சர்க்காரே பையனுகளை அனுப்பும். படிச்சு முடிச்சு, டான்யூப் ஆத்தங்கரைல ஒரு இரும்பாலைல வேலைக்குச் சேந்தேன். அங்கயே பிரோஷ்காவைக் கட்டிக்கிட்டேன். இஸ்கோல் டீச்சரு. நல்லவதான். இப்ப எங்களுக்குள்ள பேச்சு இல்ல, அதை அப்பறம் சொல்றேன். ஒரே பொண்ணு. பூங்கோதைன்னு பேரு வெச்சேன். அந்த நாட்டுக்காரனுகளுக்கு அது வாயில நொழையல, பூங்கி பூங்கின்னு கூப்புட்டாங்க. பேப்பர்ல கூட ஒருக்கா பூங்கின்னே போட்டுப்போட்டான். நான் போன் பண்ணிச் சண்டை போட்டேன்.

ஐஸ் ஹாக்கின்னா உங்களுக்கு எப்படிச் சொல்றது? நம்ம ஹாக்கிதான், மண்ணுக்குப் பதிலா ஐஸு. பந்துக்குப் பதிலா கறுப்பா ஒரு ரப்பர் வட்டு, கல்லு மாதிரி இருக்கும். கால்ல கத்தி வெச்ச பூட்ஸைப் போட்டுட்டுச் சறுக்கிட்டே அடிக்கோணும். நம்ம அம்மிணி கோல்கீப்பர். காலுக்கு மெத்தை கட்டி, மொகத்துக்குக் கம்பி மூடி போட்டு, கோலுக்கு முன்னாடி நின்னான்னா அய்யனாரு செலை மாதிரி இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, நான் சொல்லக் கூடாது. ஆனா நெசமாவே அவளைத் தாண்டி ஒண்ணும் உள்ள போகாதுங்கண்ணா.

நான் மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னேன். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த ஆட்டம், பல்லு போச்சுன்னா எவன் கட்டுவான்னு கேட்டேன். ஆறு வயசுல ஒரு நாளு, அவளை உடப் பெரிய பையன் ஒருத்தன் அடிச்ச வட்டை நெஞ்சுல வாங்கிட்டு, விழுந்து, எந்திரிச்சு, என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. அன்னைக்கு நான் கவுந்தேன். அதுக்கப்பறம் அவளை உட எனக்குத்தான் பைத்தியம் எச்சு.

அங்க ஒரு வழக்கம் பாருங்க. ஐஸ் அரங்கத்துல சாயங்கால நேரமெல்லாம் ஆம்பளைக டீமுக்கு. அப்பறம் பையனுகளுக்கு. பொண்ணுகளுக்குக் கெடைக்கறது எல்லாருக்கும் போக மிச்சம், விடியக்காலம். பனி கொட்டிட்டுக் கெடக்கும். நான்தான் எழுப்பி, சாக்ஸை ஹீட்டர் மேல காயவெச்சு, சூடாப் போட்டுவிட்டு, காருல கூட்டிட்டுப் போவேன். அவ உள்ள ஆடுவா, நான் கேலரில உக்காந்து பல்லு கிடுகிடுக்கப் பாப்பேன். பேண்டுக்குள்ள ரெண்டு பேண்டு போட்டுக்குவேன். அவ அம்மா ஒரு நாளும் அந்த நேரத்துக்கு எந்திரிச்சதில்ல. அவ ஜெயிச்சதுக்குப் பாதி காரணம் நான்னு அந்த ஊரே சொல்லும்.

பத்தொம்பது வயசுல ஹங்கேரி டீமுக்கே எடுத்துட்டாங்க. பெரிய சம்பாத்தியம் ஒண்ணும் இல்லீங்க, பொம்பளைக டீமுதான. பகல்ல ஒரு பால்வாடில கொழந்தைகளைப் பாத்துக்குவா, விடியால ஆடுவா. கொழந்தைகன்னா அவளுக்கு உசிரு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, உங்க பையனுக்கு மொத சம்சாரத்துக் கொழந்தை ஒண்ணு இருக்குதுன்னு புரோக்கர் சொன்னாரு. அதெல்லாம் எனக்கு ஆட்சேபணையே இல்ல. நம்ம பக்கம் பையனுகளுக்குப் பொண்ணு கெடைக்கற நெலமை எனக்குத் தெரியாதா? நீங்களும் எங்க வெள்ளைக்காரிச் சம்பந்தத்தைப் பெருசு பண்ணல, நானும் அதைப் பெருசு பண்ணல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இது மூணு வருசம் முந்தி நடந்துது.

அந்த வருசம் சித்திரைல உலகக் கோப்பை மாதிரி ஒரு பெரிய போட்டி. மொத கீப்பர் நம்ம அம்மிணிதான்னு கோச்சு யூதித் என்ற கிட்டயே சொன்னா. நான் அன்னைக்கே இங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிப்போட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. போட்டிக்கு ஆறு மாசம் முந்தி, ஐப்பசில ஒரு சாதாரண மேட்ச். ஆஸ்திரியாக்காரி ஒருத்தி சறுக்கிட்டு வந்தவ தடுக்கி நேரா கோலுக்குள்ளயே விழுந்தா. அவ மொழங்கால் அம்மிணி தலைல இடிச்சு, அம்மிணி தலை கோல் கம்பில இடிச்சுது. கிணுங்குன்னு சத்தம் கேலரி வரைக்கும் கேட்டுது.

எந்திரிச்சுட்டாங்கண்ணா! அதுதான் நான் சொல்ல வர்றது. கையை ஆட்டி ஒண்ணுமில்லைன்னு காட்டிட்டு முழு மேட்சும் ஆடுனா. ஜெயிச்சாங்க. நான் எந்திரிச்சு நின்னு விசிலடிச்சேன்.

மறுநாள் காலைல வாந்தி. சரி, வர்ற வழில ரோட்டுக்கடைல ஏதோ தின்னிருப்பா. ஸ்கிரீனை இழுத்து மூடச் சொன்னா. "அப்பா, நேத்து ஜெயிச்சமா?" அப்படீன்னு கேட்டா. ஜெயிச்சோம் கண்ணுன்னேன். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் அதே கேள்வி. பூட்ஸ் கயிறு கட்டக் குனிஞ்சவ அப்படியே தரையில உக்காந்துட்டா. குனிஞ்சா ஊடே சுத்துதுங்கறா. தூக்கம் பத்தலீன்னா யாருக்குமே அப்படித்தான.

அப்பப் பாத்து டீம் டாக்டர் போன் பண்றாரு. வயசான மனுசன். அங்க ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க, தலைல அடிபட்டா வெளையாட்டுக்காரங்க சொல்றதை நம்ப மாட்டாங்க. ஆடறதுக்காகப் பொய் சொல்லுவாங்களாம். ஊட்டுல இருக்கறவங்களைத்தான் கேப்பாங்க. அவ அம்மா அப்ப அவங்க அம்மா ஊருக்குப் போயிருந்தா. நான்தான் எடுத்தேன். வாந்தி எடுத்தாளா, மறதி இருக்குதா, வெளிச்சம் கண்ணைக் கூசுதா, ஒவ்வொண்ணாக் கேக்கறாரு.

அண்ணா, நீங்க ஒரு பொண்ணைப் பெத்தவரு. நீங்களே சொல்லுங்க. ஊட்டுப் பொண்ணுக்கு ஒடம்புக்கு ஆகலைன்னு வெளியாளு கேட்டா நம்மளுக்கு வாயில என்ன வரும்? நம்ம வயித்துவலியைச் சொன்னாலும், பொண்ணுக்கு வயித்துவலின்னு வெளிய சொல்லுவமா? அதுவும் அந்த வாரம்! வியன்னாவுல வேலை பாக்கற ஒரு பொள்ளாச்சிப் பையன், நல்ல குடும்பம், ஞாயித்துக்கெழமை அவனும் அவங்க அக்காளும் பாக்க வர்றதா ஏற்பாடு. அந்த நாட்டுல நம்ம சனத்தைக் கைவெரல்ல எண்ணிப்போடலாம். இன்னைக்கு டாக்டர்கிட்ட மண்டைல அடின்னு சொன்னா, நாளைக்கு டீமுக்குத் தெரியும், நாளான்னைக்கு பேப்பர்ல வரும், அடுத்த நாளு வியன்னாவுல தெரியும்.

"அருமையா இருக்கறா டாக்டர். தூங்கி எந்திரிச்சு இப்பத்தான் மூணு இட்லி தின்னா" அப்படீன்னேன்.

பின்ன என்னங்கண்ணா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னவங்க நம்ம முன்னோருக. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு.

அம்மிணி கதவோரம் நின்னு கேட்டுட்டு இருந்தா. "அப்பா, நான் டாக்டர்கிட்டப் பேசறேன், எனக்குச் சரியில்ல" அப்படீன்னா. நான் சொன்னேன், "கண்ணு, நான் வார்த்தை குடுத்துட்டேன். இனி நீ வேற மாதிரி சொன்னா உன்ற அப்பன் நான் பொய்யனாயிருவேன். அந்த ஊர்ல நான் தலை நிமுந்து நடக்க முடியுமா?" அவ என்னையவே பாத்தா. அப்பறம் சரிப்பான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அதுதான் என்ற பொண்ணு. அந்த நாட்டுல பொறந்து, அந்த நாட்டுத் தண்ணி குடிச்சு வளந்தவ, அப்பன் வார்த்தைக்கு மறு வார்த்தை பேசல. சொல்லும்போது எனக்குக் கண்ணு கலங்குது.

பொள்ளாச்சிக்காரங்க வந்தாங்க. காப்பி கொண்டாந்தா. குனிஞ்சு நீட்டறப்ப அந்த அக்கா பொடவைல கொட்டிப்போட்டா. வெக்கம்னு நான் சொன்னேன். போனவங்க போனவங்கதான். ஐஸ்ல ஆடற பொண்ணு எங்க குடும்பத்துக்கு ஆகாதுன்னு அப்பறமேல் சொல்லி அனுப்புனாங்க. ஆகாட்டிப் போகட்டும். ஆம்பளை மாதிரி அடி வாங்கற பொண்ணுன்னு அந்தப் பையன் சொன்னானாம். அவனுக்கு என்ன தெரியும்?

ஆனா கோச்சு யூதித்துக்குச் சந்தேகம். அம்மிணி பிராக்டீஸ்ல வட்டை உடறா. கண்ணு மூடிட்டுப் புடிப்பா முன்னெல்லாம், இப்ப வட்டு போனதுக்கப்பறம் கை போகுதுங்கறா. ஒரு பரீட்சை வெக்கோணும்னுட்டா. தலைல அடிபட்டவங்களுக்குன்னே ஒரு பரீட்சை இருக்குதுங்கண்ணா. டாக்டர் அஞ்சு வார்த்தை சொல்லுவாரு, திருப்பிச் சொல்லோணும். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் அந்த அஞ்சையும் கேப்பாரு. வருசத்து மாசத்தையெல்லாம் கடைசில இருந்து முன்னாடி சொல்லோணும். நம்பரைத் திருப்பிச் சொல்லோணும். கண்ணை மூடி ஒத்தக் கால்ல நிக்கோணும். இவ்வளவுதான்.

பரீட்சைன்னா நம்மளுக்குச் சொல்லித்தரோணுமா? நான் எஸ்எஸ்எல்சில ஸ்கூல் பர்ஸ்ட்டு. நெட்டுல தேடிப் பாத்தா எல்லாமே கெடக்குது, எந்த எந்த வார்த்தை கேப்பாங்கன்னு கூட. எல்லாத்தையும் எடுத்தேன். ஒரு வாரம் ஆலைக்கு லீவு போட்டுட்டு உக்காந்து சொல்லிக் குடுத்தேன். மொத நாளு அஞ்சுல ரெண்டு வார்த்தைதான் வந்துது அவளுக்கு. அழுதா. "அப்பா, உள்ள போறது வெளிய வர மாட்டேங்குது" அப்படீன்னா. சும்மாவா உட்டேன்? எந்த அஞ்சு வார்த்தை வந்தாலும் அதுல ஒரு கதை கட்டறது எப்படீன்னு சொல்லிக் குடுத்தேன். மாசத்தைத் தலைகீழா ராகம் போட்டுப் பாட வெச்சேன், நம்ம வாய்ப்பாடு படிச்ச மாதிரி. குளிக்கறப்பவும் பாடினா, சோறு திங்கறப்பவும் பாடினா. ஒத்தக் கால்ல நிக்கத்தான் கஷ்டம். சமையலறைல என்ற தோளைப் புடிச்சு நிக்க வெச்சேன். அப்பறம் ஒரு வெரலை மட்டும். அப்பறம் நான் பக்கத்துல நின்னாப் போதும்கற அளவுக்கு வந்துட்டா. எத்தனை தடவை விழுந்தான்னு கேக்காதீங்க. நான் புடிச்சுக்கிட்டேன்.

பாஸ்! டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டாரு. அடிபடறதுக்கு முந்தி, ஆடில எல்லாருக்கும் வெச்சப்ப அவ எழுதினதை உட இப்ப மார்க்கு எச்சுங்கறாரு. எனக்கு எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்த அன்னைக்குக் கூட அவ்வளவு சந்தோசம் இல்லீங்கண்ணா. ஊட்டுல பாயசம் வெச்சேன். அம்மிணி ரெண்டு கரண்டி தின்னுட்டுப் படுத்துக்கிட்டா.

அந்தப் பரீட்சைல பாஸ் பண்ண தலைக்கு என்ன கோளாறு இருக்கும், நீங்களே சொல்லுங்க?

இருங்க, உள்ள ஏதோ சத்தம் கேட்டுது. இல்ல, புரண்டு படுக்கறா.

மாசி மாசம், பெரிய போட்டிக்கு முந்தி ஒரு வெள்ளோட்டம் மாதிரி பக்கத்து நாட்டு டீமோட ஆட்டம். அரங்கம் நெறையச் சனம். நான் மொத வரிசை. அம்மிணி போறதுக்கு முன்னாடி என்ற கையைப் புடிச்சா. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி என்ற சட்டைப் பைல வெச்சா. "அப்பா, பயமா இருக்குது" அப்படீன்னா. அவ அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. சாமி இருக்குது போ கண்ணுன்னேன்.

அடி ஒண்ணும் பெருசில்லீங்க, அதுதான் எனக்கு இன்னைக்கும் புரியல. ஒரு வட்டு எகிறி வந்து மொகமூடில பட்டுது. லேசாத்தான். இதை உடப் பெரிய பெரிய அடியெல்லாம் வாங்கியிருக்கறா. கம்பு கையை உட்டுப் போச்சு. குனிஞ்சு எடுத்தா. அப்பறம் மெதுவாச் சறுக்கிட்டுக் கெளம்புனா. நடு மைதானத்தைத் தாண்டி, அந்தக் கடைசி வரைக்கும் போயி, எதிர் டீம் கோலுக்கு முன்னாடி, அவங்க கீப்பர் பக்கத்துல போயி நின்னுக்கிட்டா. நின்னு, குனிஞ்சு, கையை விரிச்சு, வட்டு வர்றதுக்குத் தயாராப் பாத்துட்டு இருக்கறா.

சனம் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எதிராளியைக் கிண்டல் பண்றாள்னு நெனச்சேன். அந்த எதிர் டீம் கீப்பர் பொண்ணுதான் மொதல்ல அவ தோள்ல கையைப் போட்டு யாரையோ கூப்புட்டுது.

அதுக்கப்பறம் அம்மிணி ஆடலீங்க.

ஆஸ்பத்திரில ரெண்டு மூணு வாரம். மொத அடி ஆறாமயே ரெண்டாவது அடி பட்டுப் போச்சு, மூளைக்குள்ள அது இது அப்படீன்னாங்க. அங்க டாக்டருகளுக்கு எதையும் பெருசாச் சொல்லோணும். அம்மிணிகிட்ட அந்த வயசான டாக்டர் வந்து, "எப்படிம்மா அந்தப் பரீட்சைல பாஸ் பண்ணுன?" அப்படீன்னு கேட்டிருக்காரு. "எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. நல்லாப் படிச்சேன்" அப்படீன்னு சொல்லியிருக்கறா. பெருமையாத்தான் சொல்லியிருப்பா. அந்த மனுசன் வெளிய வந்து என்னைப் பாத்தாரு. ஒரு குட் மார்னிங் கூட இல்ல. படிச்ச மனுசனுக்கு அந்த மரியாதை வேண்டாமா?

பிரோஷ்கா ஒரேயடியா மாறிப் போனா. நீதான், நீதான்னு ஒரே சத்தம். வெளிய சொல்லாம வெச்சது நீ, பாஸ் பண்ண வெச்சது நீ. பாஸ் பண்ண வெச்சது ஒரு குத்தமாங்கண்ணா? பெயில் ஆக்கியிருந்தா அப்பவும் என்னைத்தான் சொல்லியிருப்பா. கோச்சைக் கேளு, அந்த ஆஸ்திரியாக்காரியைக் கேளுன்னேன். ஒண்ணும் ஏறல. எனக்கு மட்டும் வலி இல்லியா? சித்திரைல அந்தப் போட்டி நடந்துது. அம்மிணியால டிவியைப் பாக்க முடியாது, கண்ணு கூசும். நான் ஹாலுல சத்தத்தைக் கொறச்சு வெச்சுப் பாத்துட்டு, ஒவ்வொரு கோலுக்கும் கதவுக்கு வெளிய நின்னு மெதுவாச் சொல்லுவேன். ரெண்டாவது மேட்ச்சுல, "போதும்பா, இனிச் சொல்ல வேண்டாம்" அப்படீன்னா. நான் கதவுக்கு வெளியவே உக்காந்து துண்டை வாயில வெச்சு அழுதேன். அவளுக்கு ஆட்டத்தைத் தவிர வேறென்ன தெரியும்? அவளைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

அதனாலதான் இங்க கூட்டிட்டு வந்தேன். ஒரு மாசம் எண்ணெ வைத்தியம் பாத்துட்டு வரலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். அது ஆச்சு ஒரு வருசத்துக்கு மேல. நல்லாத்தான் இருக்கறா. வெயிலுதான் கொஞ்சம் சேரல. வண்டி ஹார்ன் சத்தம், கோயில் மைக்கு, அது யாருக்குத்தான் தலைவலி வராது?

நான் சொல்றேன் கேளுங்க. போனையே தொட மாட்டா. டிவி பாக்க மாட்டா. வெளிய சுத்த மாட்டா. சினிமா, ஓட்டலுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேச மாட்டா. சொன்னதையே ரெண்டு தடவை சொன்னாலும் மொதத் தடவை கேக்கற மாதிரியே கேட்டுக்குவா. இந்தக் காலத்துல எங்கண்ணா கெடைக்கும் இப்படி ஒரு பொண்ணு? பழனாத்தா மவளைப் பாருங்க, நாள் பூரா போனு.

என்னங்க கேட்டீங்க? அவளுக்குச் சம்மதமான்னா? நல்ல கேள்வி. பெரிய மனுசரு கேக்க வேண்டிய கேள்வி.

மறைக்கல, சொல்லிப்போடறேன். அவளுக்குத் திரும்பிப் போகோணும்னு ஒரு நெனப்பு இருக்குது. அந்த அரங்கத்துல சின்னப் பொண்ணுகளுக்குக் கீப்பிங் சொல்லித் தர வரச் சொல்லி யூதித் கூப்புடறாளாம். ஐஸ்ல எறங்க வேண்டாம், ஓரமா உக்காந்து சொன்னாப் போதுமாம். அந்தக் குளுருல தலை கொஞ்சம் தெளியுதுங்கறா. அங்க இதுக்குன்னே வைத்தியம் இருக்குதாம், மெதுமெதுவாப் பழக்குவாங்களாம். அவ அம்மா தெனமும் போன் பண்ணி இதையேதான் ஓதறா. நான் எல்லாப் போனையும் குடுக்கறதில்ல. போன் பாக்கக் கூடாதுன்னு அந்த டாக்டரே சொன்னதுதான? அம்மிணி காலைல என்ற கையைப் புடிச்சுட்டுக் கேட்டா. "அப்பா, நான் அங்க போனா ஆளாயிருவேன். இங்க இருந்தா இந்த ரூமுதான். அனுப்பிடுங்கப்பா." அப்படியே சொன்னா, தமிழ்லயே. நான்தான் தமிழ் சொல்லிக் குடுத்தேன், எவ்வளவு சுத்தமாப் பேசறா தெரியுங்களா?

நான் சொன்னேன், "இன்னைக்கு ஒறம்பரை வர்றாங்க. ஒரு பொடவையைக் கட்டிட்டு வந்து, கண்ணாடியில்லாம, சிரிச்ச மொகமா அஞ்சு நிமிசம் நின்னுட்டுப் போ. அடுத்த வாரம் டிக்கெட் போடறேன்." அவளுக்கு மொகத்துல என்ன ஒரு வெளிச்சம்கறீங்க! ரொம்ப நாளுக்கப்பறம் இன்னைக்குத்தான் தலை சீவிக்கிட்டா. காலைல இருந்து படுத்துத் தெம்பைச் சேத்து வெச்சுட்டு இருக்கறா, உங்க முன்னாடி நிக்கோணும்னு.

டிக்கெட்டா? அதெல்லாம் சும்மா சொன்னதுங்கண்ணா. கொழந்தைக்கு நெலாவைப் புடிச்சுத் தர்றேன்னு சொல்றதில்லியா? கழுத்துல தாலி ஏறி, உங்க பையன் தோட்டத்துல நாலு தென்னை மரத்தைப் பாத்தா, ஐஸாவது ஒண்ணாவது. எல்லாம் மறந்துரும். ஏற்கெனவே கொஞ்சம் மறதிதான், ஹஹ்.

உங்களுக்கு மனசுக்குத் திருப்திதானுங்களே? பேச்சைக் கேட்டா அப்படித்தான் தெரியுது. ரொம்பச் சந்தோசம். தை பொறந்ததும் முகூர்த்தம் பாத்துரலாம். உங்க பையனுக்கு வேற ஒண்ணும் இல்லீங்களே? மொத சம்சாரம் கெணத்துல தவறி விழுந்ததுன்னுதான் சொன்னாங்க. சரி சரி, நான் துருவ மாட்டேன். தவறி விழறது யாரு கையில இருக்குது?

அம்மிணீ! பூங்கோதை! எந்திரிச்சு வா கண்ணு. மெதுவா வா.

வந்துட்டா பாருங்க. செவுத்தைப் புடிச்சது பொடவை தடுக்குங்கறதுக்காக. பழக்கம் இல்லீல்ல. பொடவை எப்படி இருக்குது? நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரியே இல்லீங்களா? கண்ணைச் சுருக்கறா பாருங்க, சிரிக்கறா. இவருதான் கண்ணு, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். காப்பி அப்பறம் ஆகட்டும். மொதல்ல மாமா கால்ல விழுந்து கும்புடு.

என்ன பாக்கறே? அட, விழு கண்ணு. பெரியவங்க. ஒரு நிமிசம்தான். அப்பன் சொல்றனில்ல?

பாத்தீங்களாண்ணா. எப்படி விழுந்தா பாத்தீங்களா, ரெண்டு மொழங்கையும் ஊனி, நெத்தி தரையில படற மாதிரி. கையைத் தலை மேல வெச்சு நல்லா இருன்னு சொல்லுங்கண்ணா. ஆங். அவ்வளவுதான் கண்ணு, ஆசீர்வாதம் பண்ணிட்டாரு. எந்திரி.

பூங்கோதை, போதும். எந்திரி.

இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் விழுந்து கும்புடும், சொல்லுங்க? கால்ல தலையை வெச்சா எடுக்க மனசு வரலை பாருங்க அவளுக்கு. அவ்வளவு மரியாதை. கண்ணு... அம்மிணி... வாந்தி இல்லீங்க, அது எச்சில். தொடைச்சுக்கலாம்.

நீங்க எதுக்குங்கண்ணா காலை இழுக்கறீங்க? உக்காருங்க. செருப்பை எதுக்குத் தேடறீங்க, காப்பி குடிக்காம போனா நல்லா இருக்குமா? கொஞ்சம் இருங்க, இப்ப எந்திரிச்சிருவா. வேண்டாமுங்க, ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டாமுங்க, தெருவுல நின்னா பத்துப் பேரு பாப்பாங்க. கதவைச் சாத்துங்கண்ணா. மெதுவா.

வெளிய மட்டும் ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க.